அத்தையின் வரப்பு

நம் பள்ளிக்கூடத்துப் பழைய கூட்டாளிகள் குழுவில் தினமும் காலையில் ஒரு பச்சை வயல் படம் வந்து நிற்கிறது. நடுவில் ஒரு வரப்பு, ஓரத்தில் தென்னை, பின்னால் மேகம் மூடிய குற்றால மலை. கீழே வரிசையாக ‘ஆஹா’ போட்டிருக்கிறீர்கள். ‘அந்த வரப்பில் நடந்த சுகம் இனி வருமா’ என்று ஒருத்தி உருகியிருக்கிறாள். நானும் உங்கள் வயதுக்காரிதான். எனக்கும் முழங்கால் வலிக்கிறது, எனக்கும் பழசெல்லாம் ஞாபகம் வருகிறது. ஆனால் வரப்பைப் பார்த்தால் எனக்கு ஆஹா வருவதில்லை. ஏன் என்று ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும். குழுவில் எழுதினால் பாதியில் யாராவது பூங்கொத்துப் படம் போட்டுவிடுவீர்கள், அதனால் தனியாக எழுதுகிறேன்.

எங்கள் வயல் அச்சன்புதூருக்கும் வடகரைக்கும் இடையில் இருந்தது. தாத்தா செத்த பிறகு மேலவயல் பெரியப்பாவுக்கும், அதை ஒட்டித் தாழ்வாகக் கிடந்த கீழவயல் அப்பாவுக்கும் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு. வயல் இல்லாதவர்களுக்கு அது வெறும் மண். வயல் உள்ளவனுக்கு அதுதான் தண்ணீரை நிறுத்துவது, அதுதான் பாதை, அதுதான் எல்லை. சண்டை போட வந்தவன் குத்தவைத்து உட்காருவதும் அதில்தான். வெள்ளம் வந்தால் எலியும் நண்டும் பாம்பும் அதில்தான் ஏறிக்கொள்ளும். வரப்பின் மேல் விதைக்கிற உளுந்தும் துவரையும் வீட்டுப் பெண்களுக்கு உரியவை, ஆண்கள் அதில் கை வைக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் அம்மாவுக்கு மற்ற மூன்று பக்கத்து வரப்பிலும் உளுந்து உண்டு. இந்த நடு வரப்பில் மட்டும் ஒரு செடிகூட நிற்காது, ஏனென்றால் நிற்க இடம் கிடையாது.

வரப்பு வெட்டுவது என்று ஒரு வேலை இருக்கிறது. முதல் போகமான கார் சாகுபடி தொடங்கும் முன்னால் வரப்பின் பக்கவாட்டில் முளைத்த புல்லை மண்வெட்டியால் சீவ வேண்டும். எலி வளைகளை உடைத்து அடைத்து, உழுத வயலின் சேற்றை அள்ளிப் பூச வேண்டும். அந்தச் சேற்றைத் தொளி என்போம். புல்லைச் சீவும்போது கொஞ்சம் மண்ணும் சேர்ந்து வரும். அந்தக் கொஞ்சத்தில்தான் சூது இருக்கிறது. அப்பா தன் பக்கம் கொஞ்சம் சீவுவார். மறுநாள் பெரியப்பா வந்து பார்த்துவிட்டுத் தன் பக்கம் கொஞ்சம் சீவுவார். கேட்டால் இருவரும் புல்லைத்தான் சீவினார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது அந்த வரப்பு ஒற்றைக் கால் அகலத்துக்கு வந்திருந்தது. திருவிழாவில் கம்பியில் நடக்கிறவளைப் போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டுதான் நான் அதில் நடந்திருக்கிறேன். இதுதான் நீங்கள் சொல்லுகிற சுகம்.

பெருமழை பெய்தால் அது தானே உடைந்துவிடும். மேலவயல் தண்ணீர் கீழவயலில் விழும், நாற்று சாயும். அப்பா வானத்தைப் பார்த்து நாலு கெட்ட வார்த்தை சொல்லுவார், பெரியப்பாவும் சொல்லுவார். வானம் பதில் பேசாது. அதோடு முடிந்தது.

ஒரு கோடை விடுமுறையில் அத்தை வந்து இறங்கினாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பாவூர்சத்திரத்துச் சந்தையில் வெங்காயக் கமிஷன் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த மனிதர் அத்தையின் நகையெல்லாம் கடைக்குள் போட்டுவிட்டு, வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார். பிள்ளை கிடையாது. பஸ்ஸிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு இறங்கியவள் தெருவில் நின்று எந்த வீட்டுக்குள் போவது என்று யோசித்ததை நானே பார்த்தேன். எங்கள் வீடும் பெரியப்பா வீடும் எதிரெதிராக இருந்தன. அம்மாதான் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

ஒரு மாதம் எங்கள் வீடு, ஒரு மாதம் பெரியப்பா வீடு என்று முறை வைத்தார்கள். நிலத்தில் பங்கு என்ற பேச்சே எழவில்லை. நகை போட்டாயிற்று, பாத்திரம் கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன பங்கு? அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான் பேசினார்கள், உங்கள் வீட்டிலும்தான். யாரும் அத்தையைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவள் அடுக்களை மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் சாப்பிடும்போது சத்தமே வராது. அப்பளம் வைத்தால்கூட அதைக் குழம்பில் ஊறப்போட்டுத் தின்பாள். ஒடிக்கிற சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது.

வைகாசியில் வழக்கம் போல வரப்புச் சண்டை வந்தது. அந்த வருஷம் மண்வெட்டியை ஓங்குகிற அளவுக்குப் போய்விட்டது. குளத்து மடையைத் திறந்து அடைத்து எல்லா வயலுக்கும் தண்ணீர் விடுகிற மடைக்காரர் வந்து நடுவில் நின்றார். ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். அத்தை கஞ்சிக் கலயத்தோடு வந்திருந்தாள். பெரியப்பாவுக்கு எதையும் கேலியாக்கிப் பேசுகிற வாய்.

“ஏட்டி, நீதான் சும்மா இருக்க. இந்த வரப்ப நீயே வச்சுக்கோ. எங்களுக்கும் சண்ட ஓஞ்சிரும்” என்றார்.

கூட்டம் சிரித்தது. அப்பாவும் விட்டுக்கொடுக்காமல், “ஆமா, எடுத்துக்கிடட்டும். அவன் திங்கிறதுக்கு அவ திங்கட்டும்” என்றார்.

அத்தை சிரிக்கவில்லை. கலயத்தைக் கீழே வைத்தாள். “நெசமாத்தான் சொல்லுதியளா?” என்று இரண்டு பேரையும் கேட்டாள். பிறகு மடைக்காரரைப் பார்த்து, “அண்ணாச்சி, நீங்கதான் சாட்சி. எங்கய்யா காலத்துல இருந்த அகலத்துக்கு எனக்கு வேணும். கல்லு அந்தா கெடக்கு” என்றாள்.

வாய்க்கால் ஓரத்தில் தாத்தா நட்ட இரண்டு கற்கள் இருந்தன. அந்தக் காலத்து வரப்பின் இரண்டு ஓரத்தையும் காட்டுகிற கற்கள். புல் மூடிக் கிடந்ததால் எல்லாருக்கும் அது மறந்து போயிருந்தது, அல்லது மறந்தது போல இருந்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் விலகிப் போகிற அகலம். அண்ணன்மார் இருவருக்கும் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் ஊர் முன்னால் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி வாங்குவது? அதோடு, தன் கையை விட்டுப் போனாலும் மற்றவன் கைக்குப் போகவில்லை என்ற நிம்மதி இருவருக்கும் இருந்தது. ‘இனி யாரும் அந்த வரப்பில் மண்வெட்டி வைக்கக் கூடாது, அது தங்கச்சியது’ என்று மடைக்காரர் தீர்த்துச் சொன்னார்.

அத்தை வரப்புக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கொசுவத்தை ஏற்றிச் செருகிக்கொண்டு, கடகப்பெட்டியில் தொளியை அள்ளி அள்ளிப் போடுவாள். குதிகாலால் மிதிப்பாள். ஒரு நாள் காய விட்டு, மேலே இன்னொரு அடுக்கு. கடைசியில் உள்ளங்கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பக்கத்தை மெழுகுவாள், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. அவள் மேலெல்லாம் சேற்று வாடை. நாங்கள் பிள்ளைகள் நண்டு வளைக்குள் குச்சியை விட்டு விளையாடினால் விரட்டுவாள். “ஏட்டி, ஒன் வீட்டுச் செவுத்துல யாராவது ஓட்ட போட்டா சும்மா இருப்பியா?” என்பாள்.

ஊருக்கு அது நல்ல கேலியாகப் போயிற்று. வரப்புக்காரி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பெரியம்மா அவள் வருவதைப் பார்த்தால், “வரப்பு ராணி வாறாங்க, வழி விடுங்க” என்பாள். மண்ணாசை பிடித்துவிட்டது, புருஷன் விட்டதில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். அப்பாகூட அம்மாவிடம், “ஒரு சாண் மண்ண வச்சிக்கிட்டு கோட்ட கட்டப் போறாளாம்” என்று சிரித்தார். ஒருத்தி உட்காருவதற்கு ஒரு இடம் தேடுகிறாள் என்பது அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வரப்பு உயர்ந்த பிறகு அத்தை மதியக் கஞ்சியை அங்கேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் நான் கலயம் வாங்கப் போனபோது அவள் காலை நீட்டி உட்கார்ந்து, மாங்காய் ஊறுகாயை நாக்கில் வைத்துச் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தாள். வரப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை சத்தமாகச் சப்புக் கொட்டிச் சிரித்தாள். அத்தை அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஆடிச் சாரலுக்கு எங்கள் வீட்டில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். பெண்கள் பக்கம் ஒரே நெருக்கடி. அருவிக்கு அடியில் பாறை விளிம்பு ஒன்று மேடாக நீண்டிருக்கும், அதில் நின்றால்தான் தண்ணீர் முழுசாகத் தலையில் விழும். அத்தை என் கையைப் பிடித்து அதில் ஏற்றி நிறுத்தி, “குதிகால அழுத்தி நில்லு, வழுக்காது” என்றாள். குளித்து முடித்துப் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தபோது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

“மதினி, உளுந்து வந்ததும் வரப்பு முனையில ஒரு குடிசை போடணும்னு நெனைக்கேன். சொந்தமா ஒரு அடுப்பு.”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. “ஏன், நாங்க சோறு போடலியா?”

“நல்லாத்தான் போடுதிய. ஆனா மதினி, ஒங்க வீட்டுல உப்பு கொறைச்சல், அவங்க வீட்டுல சாஸ்தி. எனக்கு வேணுங்கிற உப்ப நானே போட்டுக்கிடணும். அவ்வளவுதான் எனக்கு.”

அம்மா தன் துண்டை எடுத்து அத்தையின் தலையைத் துவட்டிவிட்டாள்.

அந்த வருஷம் வரப்பில் நடுவே உளுந்தும் இரண்டு ஓரத்திலும் துவரையும் போட்டிருந்தாள். புது மண் என்பதாலோ என்னவோ, உளுந்து நெற்று நெற்றாகக் காய்த்தது. இரண்டு வீட்டுக்கும் கொடுத்தது போக மிச்சத்தை விற்று, வாய்க்காலுக்கு எதிர் முனையில் தென்னங்கிடுகில் ஒரு குடிசை போட்டாள். மயில் விரட்டப் போட்ட காவல் குடிசை என்று ஊரில் சொன்னாள். உள்ளே மூன்று கல் அடுப்பு, ஒரு மண்சட்டி, ஒரு கொட்டாங்கச்சி நிறைய உப்பு. முதல் முதலாக அடுப்பு மூட்டிய அன்று உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து, இரண்டு அண்ணன்மாரையும் அவரவர் வீட்டில் போய் அழைத்தாள்.

“ஒரு வா சாப்பிட்டுட்டுப் போங்க. என் வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க.”

அப்பா, “அவன் வந்தா நான் வரமாட்டேன்” என்றார். பெரியப்பா, “வரப்புல உக்காந்து திங்க நான் என்ன நடவுக்கா வந்திருக்கேன்?” என்றார். அம்மாவும் பெரியம்மாவும் பிள்ளைகளும்தான் போனோம். நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். உப்பு சரியாக இருந்தது. அண்ணன்மார் பங்கை மாலை வரை மூடி வைத்திருந்துவிட்டு, பிறகு அவளே தின்றாள். அப்புறமும் இரவு படுக்கைக்கு அவள் முறை வீட்டுக்கு வந்துவிடுவாள், பகல் சாப்பாடு மட்டும் அங்கே.

கார்த்திகையில் பிடித்த மழை விடவில்லை. இரண்டாம் போகமான பிசானத்துக்கு நட்டு முடித்த நேரம். குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது, வாய்க்கால் வழிந்து மேலவயலுக்குள் இறங்கியது. வேறு வருஷமாக இருந்தால் அந்த நடு வரப்பு முதல் நாளே உடைந்திருக்கும். இது அசையவில்லை. மேலவயலில் நாற்று நுனி வரை தண்ணீர் நின்றது, கீழவயலில் அப்பாவின் நாற்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வரப்பின் கிழக்கு முனையில் தண்ணீரைக் கீழே விடுகிற வாமடை உண்டு. அதை அத்தை கல்லும் தொளியும் வைத்து அடைத்திருந்தாள்.

காலையில் எல்லாரும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வயலில் நின்றோம். மேலவயலில் பெரியப்பா மண்வெட்டியோடு, கீழவயலில் அப்பா மண்வெட்டியோடு. நடுவில் வரப்பின் மேல் அத்தை.

“ஏட்டி, வாமடையத் தொற. இன்னிக்கு இப்படியே நின்னா பயிரு அழுகிரும்” என்று பெரியப்பா கத்தினார்.

“தொறந்தா என் நாத்தெல்லாம் மணலுக்குள்ள போயிரும். தொறக்காதட்டி” என்று அப்பா கத்தினார்.

“நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்களேன். நான் என்னத்தச் செய்ய?” என்றாள் அத்தை.

பேசுவதா? அவர்கள் பேசியே பல வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, “எங்கிட்ட என்ன கேக்க? ஒன் வரப்பு, நீ சொல்லு” என்றார். அப்பாவும் அதையே சொன்னார். “ஒன் வரப்புதான? ஒன் இஷ்டம்.” அந்த வரப்பு அத்தையுடையது என்று இரண்டு பேரும் மனதார ஒப்புக்கொண்டது அந்த ஒரு நாள்தான். மழையைத் திட்டியவர்களுக்கு இப்போது திட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டாள்.

அவள் யோசித்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் வரப்பின் தலைக்கு நாலு விரல் கீழே வந்தது. வழிந்தால் வரப்பு மொத்தமும் போகும், அந்த மண் முழுக்கக் கீழவயலில் விழும். அத்தை வரப்பிலிருந்து இறங்கி, அம்மாவைக் கூப்பிட்டு, கீழவயல் மூலையில் வாமடைக்கு நேராகத் தென்னை மட்டைகளைக் குறுக்கே போடச் சொன்னாள். சாக்குகளைப் பரப்பினாள். பிறகு கையாலேயே வாமடைக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள். தண்ணீர் மட்டை மேல் விழுந்து வேகம் குறைந்து போயிற்று. மத்தியானத்துக்குள் மேலவயலில் நாற்று தலை தெரிந்தது. கீழவயலில் அந்த மூலை மட்டும் மணலுக்குள் போயிற்று. மீதி வயல் முழுக்க நின்றது.

அப்பா அந்த மூலையில் போய் நின்றார். மணலில் காலை விட்டுப் பார்த்தார். மிச்ச வயலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடக்காமல் போன நஷ்டம் யார் கண்ணுக்குத் தெரியும்? “அண்ணங்காரனுக்காக என் வயித்துல மண்ணப் போட்டுட்டா” என்றார். எதிர்ப் பக்கம் பெரியப்பாவுக்கும் நிறைவில்லை, பள்ளத்தில் நின்ற பயிர் அழுகிவிட்டது. “நேத்தே தொறந்திருந்தா இது பொழச்சிருக்கும். தம்பிக்காரனுக்காகப் பாத்துக்கிட்டு நின்னா” என்றார். இரண்டு பேரும் அவளை மற்றவனுக்கு வேண்டியவள் ஆக்கிவிட்டார்கள்.

அந்த மாதம் எங்கள் வீட்டு முறை. அன்று சாயங்காலம் அவள் வாசலுக்கு வந்தபோது, “இனி இந்த நடைய மிதிக்கக் கூடாது” என்று அப்பா சொல்லிவிட்டார். எதிர்வீட்டுக்குப் போனாள். “இந்த மாசம் அவன் மொறதான?” என்று பெரியப்பா கேட்டார். மாதம் பிறந்த பிறகும் அவர் கூப்பிடவில்லை. அத்தை தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்புக் குடிசைக்குப் போய்விட்டாள். ஆசைப்பட்ட மாதிரி அவளுக்கு மூன்று வேளையும் சொந்த அடுப்பு கிடைத்துவிட்டது.

கீழே ஈர மண், இரண்டு பக்கமும் தண்ணீர், மேலே மார்கழிப் பனி. கிடுகு மழையில் இற்றுப் போயிருந்தது. அத்தைக்கு இருமல் கண்டது, பிறகு காய்ச்சல். அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் கஞ்சி கொண்டுபோவாள், சில நாள் என்னையும் கூட்டிப்போவாள். துவரை அப்போது மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. அத்தை படுத்த இடத்திலிருந்தே அதைக் காட்டி, “தையில நெத்து காஞ்சிரும் மதினி. இந்தத் தடவ ஒங்களுக்குத் தொவரம்பருப்பு என் கையால” என்றாள். பேச்சுக்கு நடுவில் மூச்சு இரைத்தது.

“தென்காசிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒங்க கூடப் பொறந்தவதான” என்று அம்மா கெஞ்சினாள்.

“அவன் கூட்டிட்டுப் போட்டும். அவனுக்குத்தான வாமடையத் தொறந்து விட்டா” என்றார் அப்பா.

எதிர்வீட்டில் பெரியம்மாவும் கேட்டிருக்கிறாள். அங்கேயும் அதே பதில்தான். அப்பா ராட்சசர் இல்லை, எனக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். கோபம் தணிந்து இரண்டு நாள் ஆனதும் அவரே போவதாகத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். அவன் முதலில் போகட்டும் என்று காத்திருந்தார். அங்கேயும் ஒருவர் இவன் முதலில் போகட்டும் என்று காத்திருந்தார். காய்ச்சல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அம்மா எழுந்ததும், “நானே கூட்டிட்டுப் போறேன், வாறது வரட்டும்” என்று சேலையை மாற்றிக்கொண்டு, கம்பளியைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நாங்கள் போனபோது குடிசை வாசலில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் நல்ல சேலை கட்டியிருந்தாள். பக்கத்தில் ஒரு கம்பளி. அத்தையின் தலை அவள் மடியில் இருந்தது. வரப்பு ராணி என்று கேலி பேசிய அதே பெரியம்மா, அம்மாவை நிமிர்ந்து பார்த்து, “சூடு ஆறிப்போச்சுட்டி” என்றாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் கம்பளியை வைத்துக்கொண்டு நின்றேன்.

இனி சொல்லப் போவது நம் பக்கத்து வழக்கம் தெரிந்த உங்களுக்குப் புரியும். கல்யாணமான பெண் செத்தால், உடல் புருஷன் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும். பிறந்த வீட்டார் தாம்பாளத்தில் புதுச் சேலை வைத்து எடுத்துக்கொண்டு வருவார்கள், அதுதான் கோடி. கோடி கொண்டுவருகிறவர் வந்து, போர்த்தி, அழுது, திரும்பிப் போய்விடலாம். எந்த வாசலில் உடலைக் கிடத்துகிறார்களோ அந்த வீட்டுக்குத்தான் பந்தலும் பதினாறும். ‘உன் வீட்டில் இருந்தவள் எப்படிச் செத்தாள்’ என்ற கேள்வியும் அந்த வாசலுக்குத்தான் வரும்.

பாவூர்சத்திரத்துக்கு ஆள் போயிற்று. எனக்கும் அவளுக்கும் ஒன்றுமில்லை என்று அந்த மனிதர் சொல்லி அனுப்பிவிட்டார். சரி, யார் வாசலில் கிடத்துவது? அப்பா, “நான் பொறந்த வீட்டுக்காரன். கோடி கொண்டாறதுதான் என் மொற” என்றார். எதிர்வீட்டில் பெரியப்பாவும் அதையேதான் சொன்னார். ஆளுக்கொரு பக்கம் கடைக்கு ஆள் விட்டுச் சேலை வாங்கினார்கள். உடல் குடிசையிலேயே கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

தெருவில் இந்தப் பக்கம் அப்பா, வெள்ளை வேட்டியும் தோல் செருப்புமாக, தாம்பாளத்தில் ஒரு பச்சைச் சேலை. அந்தப் பக்கம் பெரியப்பா, அவரும் அப்படியே, தாம்பாளத்தில் ஒரு சிவப்புச் சேலை. இரண்டு வீட்டு வாசலிலும் பந்தல் இல்லை. ஊர் கூடி நின்றது.

மடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “ரெண்டு பேரும் கோடியத் தூக்கிட்டு நிக்கிய. எந்த வீட்டுக்குய்யா கொண்டு போறிய?” என்று கேட்டார்.

அப்போது எங்கள் அம்மா, ஆண்கள் கூடிய இடத்தில் அதுவரை ஒரு வார்த்தை பேசியிராதவள், தெரு நடுவுக்கு வந்தாள்.

“அவ வீட்டுக்குத்தான்” என்றாள். வயல் பக்கம் கையைக் காட்டினாள். “அவளுக்குத்தான் வீடு இருக்குல்லா. அந்தா, அங்கனதான் கெடக்கா. அங்க கொண்டு போங்க.”

அப்பா அம்மாவை முறைத்தார். ஆனால் ஊர் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மடைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் பின்னால் அப்பாவும், சேர்ந்து நடக்கப் பிடிக்காமல் கொஞ்சம் தள்ளிப் பெரியப்பாவும், வாய்க்கால் கரையோடு போனார்கள். நாங்கள் பெண்கள் அவர்கள் பின்னால் போனோம்.

வரப்பு தொடங்குகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். மேலே குடிசை வாசலில் அத்தையைக் கிடத்தியிருந்தார்கள், தலைமாட்டில் பெரியம்மா. இரண்டு பக்கமும் துவரை பூத்து நின்றது. ஏறுவதற்கு வேறு வழி கிடையாது. அப்பா தாம்பாளத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து செருப்பைக் கழற்றினார். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் விட்டார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நடந்து போனார்கள். அதற்கு இடம் இருந்தது.

துக்க வீட்டில் வந்தவர்களை ‘வாங்க’ என்று சொல்லக் கூடாது. தங்கை வீட்டுக்கு முதல் தடவையாக வந்த அண்ணன்மார் இருவரையும் யாரும் வாங்க என்று சொல்லவில்லை.